எட்டாம் நம்பர் கரண்டி

எட்டு என்கிற எண் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது?

யோசித்துப் பதில் சொல்லுங்கள். எட்டாவது திதி வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுகிறீர்கள். பிறந்த வீட்டுக்கு வந்த மகளை எட்டாம் நாள் திருப்பி அனுப்ப மாட்டீர்கள். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நிற்பதைத் தவிர அந்த எண் வேறு குற்றம் செய்ததாகத் தெரியவில்லை. பிறந்த இடத்தை வைத்து ஓர் எண்ணையே குற்றவாளி ஆக்குகிற நாம், பிறந்த இடத்தை வைத்து ஒரு மனிதனைக் குற்றவாளி ஆக்கியதில் ஆச்சரியம் என்ன?

அந்த மனிதரின் பெயர் நல்லகாமன். மதுரைக்கு மேற்கே பத்து மைலில், மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சிற்றூர்க்காரர். பிறமலைக் கள்ளர். சர்க்கார் காகிதத்தில் குற்றப் பரம்பரை. அவருடைய பதினாறாம் வயதில் பத்து விரல்களையும் மையில் தோய்த்து ஒரு ரிஜிஸ்டரில் பதித்துக்கொண்டார்கள். அன்று முதல் பொழுது சாய்ந்ததும் ஊர்ச் சாவடியில் ஆஜராக வேண்டும். மற்ற ஆண்களோடு அங்கேயே படுத்து, விடிந்த பிறகுதான் வீட்டுக்குப் போகலாம். அவர் எதையும் திருடவில்லை. திருடியதாக யாரும் புகார் கொடுக்கவுமில்லை. பிறந்திருந்தார், அது போதுமாக இருந்தது.

கல்யாணத்தன்றும் சாவடிக் காவலுக்கு இருந்த ஏட்டு விடவில்லை. மணமகள் ஒச்சாயி முதல் இரவை மாமியாரோடு கழித்தார். பன்னிரண்டு வருஷம் அப்படியே போயிற்று. ஊரில் ஒச்சாயியை மலடி என்றார்கள். நல்லகாமன் சாவடியில் சிரித்துக்கொண்டே சொல்வாராம்:

"பன்னெண்டு வருசமா நான் ஏட்டய்யா பக்கத்துலதான் படுத்துக் கெடக்கேன். புள்ள ஏன் பொறக்கலைன்னு அவரையில்ல மாப்ள கேக்கணும்?"

சிரிப்பு அடங்கியதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாராம்.

அவருடைய வாழ்க்கையின் ஆசை ஒன்றே ஒன்று. ஓர் இரவாவது சொந்தக் கூரையின்கீழ் மனைவியோடு படுத்து எழ வேண்டும். அதற்கு ரிஜிஸ்டரிலிருந்து பெயர் நீங்க வேண்டும். பெயர் நீங்க, சர்க்கார் மதிக்கிற ஒரு பெரிய மனிதர் இவன் நல்லவன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தான் நல்லவன் என்பதற்குத் தன் வாழ்க்கை சாட்சியாகாது, இன்னொருவன் பேனாதான் சாட்சி! இதற்குச் சட்டம் என்று பெயர்.

பகலில் அவருக்கு வேலை மதுரையில். கீழ ஆவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சௌரிராஜன் என்பவர் துப்பாக்கிக் கடை வைத்திருந்தார். துப்பாக்கி ரிப்பேர், தோட்டா விற்பனை, சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளுக்கு மறுபடி மருந்து நிரப்பிக் கொடுப்பது. நல்லகாமன் அங்கே பெட்டி தூக்கத்தான் சேர்ந்தார். முதலாளிக்குக் கை நடுங்கத் தொடங்கியபோது மருந்து நிரப்பும் வேலை மெல்ல மெல்ல இவர் கைக்கு வந்தது. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சுடாமல் போன தோட்டாக்களைப் பிரித்துப் பார்த்தார், வெடித்த கூடுகளை அறுத்துப் பார்த்தார், அளந்தார். காகிதத்தில் மட்டும் அவர் கடைசிவரை பெட்டி தூக்கும் ஆள்தான். ரிஜிஸ்டர்க்காரன் கையில் வெடிமருந்தைக் கொடுத்திருப்பது வெளியே தெரிந்தால் சௌரிராஜனின் லைசென்ஸ் போய்விடும்.

தோட்டா என்பது நாலே சமாசாரம். பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி விடும் கேப்பு, வாயில் செருகிய ஈயக் குண்டு. கூட்டுக்குள் மருந்து. கடையில் மருந்தை அளக்கச் சின்னச் சின்னப் பித்தளைக் கரண்டிகள் இருந்தன. ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பர் வெட்டி, ஆணியில் வரிசையாகத் தொங்கும். நல்லகாமன் அதையும் முழுதாக நம்புவதில்லை. மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கரண்டி மருந்தையும் ஆசாரித் தராசில் நிறுத்துப் பார்ப்பார். "கண்ணு பொய் சொல்லும், பழக்கம் அதைவிடப் பொய் சொல்லும்" என்பார். இதைச் சொன்னவருக்கு நாலாம் வகுப்புப் படிப்பு. இதைக் கேட்டுச் சிரித்தவர்களில் பட்டதாரிகள் உண்டு.

யுத்தம் வந்தது. சீமைக் கப்பல்கள் நின்றன, பழைய குண்டுகள் தீர்ந்தன. சௌரிராஜன் சென்னையில் ஓர் ஏலத்தில் குண்டு வார்க்கும் அச்சு ஒன்றை வாங்கி வந்தார். பருமன் சரியாக இருந்தது. நீளம் கூடுதல்.

இந்த நீளத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தோட்டாவின் மொத்த நீளத்தைப் பழையபடி வைத்தால், நீளக் குண்டின் வால் கூட்டுக்குள் அதிகமாக இறங்கும். மருந்துக்கு இருந்த இடம் சுருங்கும். குண்டை வெளியே இழுத்து வைத்தால் மருந்துக்கு இடம் கிடைக்கும், ஆனால் மூக்கு முன்னால் நீட்டிக்கொண்டு ரிவால்வரின் உருளையைச் சுற்ற விடாது. இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு கண்டுபிடித்தாக வேண்டும்.

நல்லகாமன் கண்டுபிடித்தார். கடையில் கிடந்த பழைய ரிவால்வர் ஒன்றை வைகை மணலில் ஒரு கட்டையோடு கட்டி, தூர நின்று சரடு இழுத்துச் சுட்டார். பழைய நீளம், வழக்கமான ஒன்பதாம் நம்பர் கரண்டி: கூடு வெளியே வர மறுத்தது, குச்சியால் குத்தித் தள்ள வேண்டியிருந்தது. கேப்பு அப்பளமாகத் தட்டையாகியிருந்தது. இரண்டும் உள்ளே அழுத்தம் மிஞ்சியதற்கு அடையாளம். குண்டை அரை நெல் நீளம் வெளியே இழுத்தார், உருளை சுற்றியது. அதற்குமேல் இழுத்தால் சிக்கியது. அந்த அரை நெல்லைப் பிடிக்க ஒரு பித்தளைத் தகட்டில் அந்த நீளத்துக்குப் பள்ளமாகக் காடி வெட்டி வைத்துக்கொண்டார். ஒவ்வொரு தோட்டாவும் அதில் உட்கார வேண்டும். அந்த நீளத்திலும் ஒன்பது அதிகம். ஏழு போட்டால் குண்டு பலகையில் பாதியில் நின்றது. எட்டு போட்டதும் கூடு தானாக வழுக்கிக் கையில் விழுந்தது. கேப்பின் விளிம்பு உருண்டையாகவே இருந்தது. நாலு பகல் எடுத்த வேலை அது.

வாடிப்பட்டிப் பக்கத்துப் பண்ணையார் ஆண்டிச்சாமி கடைக்கு வந்தது அந்த வாரம்தான். நன்செய் நூறு ஏக்கர், தென்னந்தோப்பு, ஆனரரி மாஜிஸ்டிரேட் பதவி, ஒரு சீமை ரிவால்வர். பயந்ததால் ரிவால்வர் வாங்கினார், வாங்கிய பிறகும் பயம் போகவில்லை. நல்லகாமனின் மனுவில் கையெழுத்துப் போடுவதாக ஒப்புக்கொண்டிருந்த பெரிய மனிதர் அவர்தான்.

"என்ன சௌரி, நம்ம உருப்படி தயாரா?"

"ஆகிட்டே இருக்குங்க அய்யா. மருந்து மட்டும் ஒரு நம்பர் குறைக்கணுங்கிறான் நம்ம ஆளு."

"குறைக்கணுமா? எவன் அவன், கூப்பிடு."

நல்லகாமன் ஈயக் கறை படிந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"அய்யா, புதுக் குண்டு நீளமுங்க. உள்ள கூட எறங்கி ஒக்காருது. ஒம்பது போட்டாத் தாங்காது. எட்டுதான் சரியா வருது."

பண்ணையார் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்த நம்பரை எனக்கு முன்னால சொல்லாதடா. பண்ணையில ஏழு வண்டி நின்னுச்சு. இன்னொண்ணு வேணும்னு வந்தப்ப ரெண்டா வாங்குனவன் நான். தெரியுமா ஒனக்கு?"

"அப்ப ஏழு போடட்டுங்களா? கொஞ்சம் மெதுவாத்தான் போகும்."

"ஏழா! ஒம்பதுல இருக்கவனை எறங்குங்கிறான் பாரு சௌரி. மிச்ச மருந்தை யாருக்குடா, ஒங்க ஊருக்கா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நல்லகாமனும் சிரிக்க முயன்றார்.

"இல்லீங்கய்யா. சாவடியில இருவது பேரு படுக்கிற எடத்துல நாப்பது பேரைப் போட்டுக் கதவைச் சாத்துனா என்ன ஆகும்? மருந்தும் அப்படித்தாங்க. எடம் பத்தலைன்னா சுவத்தை ஒடைக்கும்."

"ஒங்க ஆளுக சுவத்தை ஒடைக்கிறதுதான் ஊருக்கே தெரியுமே!"

இந்தச் சிரிப்பு முன்னதைவிடப் பெரிதாக இருந்தது. பண்ணையார் தம் நகைச்சுவை தமக்கே பிடித்துப்போய் இளகிவிட்டார்.

"ஒம்பது. அம்பது உருப்படி. ஆயுத பூசையன்னைக்கு வாரேன், சாமிகிட்ட வச்சு எடுத்துட்டுப் போறேன். மறுநாள் விசயதசமி, நல்ல நாளு. தோப்புல மொத வெடி போட்டுட்டு, ஒன் காகிதத்துல கையெழுத்துப் போட்டுக் கடைக்கு அனுப்புறேன். போ."

அவர் வண்டி சந்தைத் தாண்டியதும் சௌரிராஜன் நல்லகாமனைப் பட்டறைக்குள் கூட்டிப் போனார்.

"காமா, நீ எட்டே போடு. பெட்டி மேல ஒம்பதுன்னு நான் எழுதிடறேன்."

"அது பொய்யில்லையா மொதலாளி?"

"அவர் என்ன அவுத்தா பாக்கப் போறார்? அவர் கையும் பத்திரம், உன் காகிதமும் பத்திரம். எம்புட்டு உண்மையைத்தான்யா நீ தூக்கிட்டுத் திரிவே?"

நல்லகாமன் ஒன்பதாம் நம்பரைத் தொட்டுவிட்டு ஆணியிலேயே விட்டார். பிறகு எட்டாம் நம்பரை எடுத்தார். ஐம்பது தோட்டா. ஒவ்வொன்றும் தகட்டுக் காடியில் உட்கார்ந்தது. பெட்டியின்மேல் முதலாளி பேனாவால் ஒன்பது என்று எழுதினார். ஒரு மனிதனின் விரல்களைக் காப்பாற்ற அவனிடமே பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், அந்தப் பொய்க்கு யார் பொறுப்பு? சொன்னவனா, உண்மையைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டவனா?

ஆயுத பூஜையன்று நல்லகாமன் கடைக்கு வரவில்லை. வர விடவில்லை. யாரோ ஓர் அதிகாரி ரிஜிஸ்டரைச் சரிபார்க்க வருவதாகச் சொல்லி, ஊர் ஆண்கள் அத்தனை பேரையும் காலை முதல் மாலைவரை சாவடி வாசலில் உட்கார வைத்தார்கள். அதிகாரி வரவில்லை.

கடையில் பூஜை வழக்கம்போல நடந்தது. கருவிகள் அத்தனையும் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, சரஸ்வதி படத்தின் முன்னால் பரப்பியிருந்தார்கள். பன்னிரண்டு கரண்டிகள் வரிசையாக இருந்தன. அளவுத் தகட்டின் காடியில் சந்தனம் அப்பியிருந்தது. பத்துப் பதினோரு பேர் சுண்டலுக்கும் பொரிகடலைக்கும் நின்றிருந்தார்கள். அடுத்து நடந்ததை, பின்னால் இந்தப் பத்திரிகைக்காக விசாரிக்கப் போன என்னிடம் சௌரிராஜன் சொன்னார், கதவைச் சாத்திக்கொண்டு.

பண்ணையார் பெட்டியை வாங்கினார். எண்ணினார். முகம் சுளித்தார்.

"அம்பது மொட்டையா நிக்குது சௌரி. ஒண்ணு சேத்து அம்பத்தொண்ணாக்கு. மொய்யின்னாலும் ஒண்ணு சேத்துத்தான வைக்கிறோம்?"

"ஆளு இல்லீங்களே அய்யா."

"ஆளு எதுக்கு? பூசையன்னைக்கு ஆயுதத்தை ஒடையவன் தொட்டுச் செய்யணும். நானே போடுறேன். மொத வெடி இதுதான்."

ஒன்பதாம் நம்பர் கரண்டியை அவரே எடுத்தார். மருந்தை அள்ளினார். கடையில் கரண்டியைக் கத்தி முதுகால் தலை தட்டித்தான் போடுவது முறை. சௌரிராஜன் கத்தியை நீட்டினார். பண்ணையார் கையைத் தள்ளிவிட்டார். நல்ல நாளில் நெல்லானாலும் தலை தட்டி அளக்கக்கூடாது, குவித்துத்தான் அளக்க வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். குவித்துப் போட்டார். குண்டைச் செருகி, அழுத்துகிற கருவியில் வைத்து, இறுக இருக்கட்டும் என்று தம் பலம் கொண்ட மட்டும் அழுத்தினார். குண்டு கூட்டுக்குள் ஆழமாக இறங்கியது. சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இடம் குறைந்த கூட்டில் குவித்த ஒன்பது. முப்பத்திரண்டு வயது நல்லகாமன் அங்கே இருந்திருந்தால் அந்தத் தோட்டாவைக் கையிலிருந்து பிடுங்கியிருப்பார். சௌரிராஜன் ஏன் பிடுங்கவில்லை என்று கேட்டேன்.

"பூஜை நேரத்துல, மாஜிஸ்டிரேட் கையில இருக்கறதை, அபசகுனமா எப்படிப் பிடுங்கறது?" என்றார்.

மறுநாள் காலை தென்னந்தோப்பில் ரிவால்வரின் உருளை பிளந்தது. பண்ணையாரின் வலது கையில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் போயின. இப்போது அவர் பத்திரங்களில் இடக் கைப் பெருவிரலை மையில் தோய்த்துப் பதிக்கிறார். அந்த ரேகையை வைத்து அவரை யாரும் சாவடியில் படுக்க வைப்பதில்லை.

அந்த நேரத்தில் நல்லகாமன் கடை வாசலில், ஒச்சாயி வெளுத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, கையெழுத்தான காகிதம் வரும் என்று காத்திருந்தார். போலீஸ் வந்தது.

வழக்கு நெடுநாள் நடக்கவில்லை. பெட்டியில் மிச்சமிருந்த ஐம்பது தோட்டாக்களையும் பிரித்துப் பார்த்தார்கள். ஐம்பதிலும் எட்டு.

"பெட்டியில் ஒன்பது என்று எழுதியிருக்கிறது. உள்ளே எட்டுத்தான் இருக்கிறது. மருந்து போட்டது யார்?" என்று கேட்டார் சர்க்கார் வக்கீல்.

"நாந்தாங்க."

"பண்ணையார் ஒன்பது போடச் சொன்னது உனக்குத் தெரியும்?"

"தெரியுங்க."

"தெரிந்தே ஏமாற்றினாய்?"

"அவரு கைக்கு ஒண்ணும் ஆகிறக் கூடாதுன்னுங்க."

கோர்ட்டில் எல்லாரும் சிரித்தார்கள். கட்டுப் போட்ட கையோடு பண்ணையார் எதிரே உட்கார்ந்திருந்தார். ஐம்பதில் குறைத்துப் போடத் தெரிந்தவனுக்கு ஒன்றில் கூட்டிப் போடத் தெரியாதா என்று கேட்டார்கள். கூட்டிப் போட்டது யார் என்று பண்ணையாரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் தாமாகச் சொல்லவும் இல்லை. சௌரிராஜன் கூண்டில் ஏறி, பூஜையன்று கூட்டமாக இருந்தது, தான் எதையும் கவனிக்கவில்லை, நல்லகாமன் வெறும் பெட்டி தூக்கும் ஆள், மருந்தைத் தனக்குத் தெரியாமல் தொட்டிருக்கிறான் என்றார். அன்று தன்னை ஊர்ச் சாவடியில் உட்கார வைத்திருந்தார்கள் என்று நல்லகாமன் சொன்னார். தோட்டாவை முதல் நாளே செய்து வைத்திருக்கலாமே என்று பதில் வந்தது. அவர் எல்லாக் கேள்விக்கும் உண்மையே சொன்னார். அந்த உண்மைதான் அவரைக் கட்டிப் போட்டது. நாந்தான் போட்டேன் என்று சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பார். திருட்டுப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

ஐந்து வருஷம் கடுங்காவல்.

ஜெயிலில் அவரைப் பார்த்தபோது தன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"வெடிச்ச கூட்டை யாராச்சும் அளந்தாகளா அண்ணே? நான் குண்டைப் பிடிச்சு வச்சா, கூட்டு வாயில சுத்தி ஒரு தடம் விழும். அதுக்கு நான் தனிக் கருவி வச்சிருக்கேன். அந்தத் தடம் இருந்துச்சா? இல்லைன்னா அது நான் போட்டது இல்ல."

யாரும் அளக்கவில்லை. அவருடைய வக்கீல் கேட்டார், கூடு கிழிந்துவிட்டது, அதில் பார்க்க ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. அளந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது நல்லகாமனுக்குப் புரியவே இல்லை. பூஜையன்று கடையில் நடந்ததைச் சொன்னேன்.

"அந்த ஒம்பதாம் நம்பரை நான் பூட்டி வச்சிட்டுப் போயிருக்கணும். தப்பு என்னுதுதான்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஊருக்குப் போய் ஒச்சாயியைப் பார்த்தேன். அப்பீல் தள்ளுபடியான செய்தியை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. முறத்தில் கேழ்வரகைப் புடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

"அஞ்சு வருசம் கழிச்சு விட்டுருவாகள்ல?"

"விடுவாங்கம்மா."

"விட்டா எங்க வருவாரு? பேரு இன்னும் அந்தப் பொஸ்தகத்துலதான கெடக்கு? அன்னைக்கே பொழுது சாயச் சாவடிக்குக் கூட்டிட்டுப் போயிருவாக." முறத்தைக் கீழே வைத்தார். "ஜெயிலுக்கும் சாவடிக்கும் நடுவுல எனக்கு ஒரு ராத்திரி குடுக்கச் சொல்லிக் கேப்பீகளா அண்ணே?"

அப்படி ஓர் இரவுக்குச் சட்டத்தில் இடம் இல்லை.

இனி இருப்பது ஒரே ஒரு வழி. தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லி, தல்லாகுளத்து வக்கீல் ஒருவர் மனு எழுதி வைத்திருக்கிறார். தை மாதம் முடிவதற்குள் அதைப் போட வேண்டும். அதில் சேர்க்க ஒரு சாட்சி வேண்டும். சௌரிராஜன் வர மாட்டார். மூன்று தடவை கேட்டாயிற்று. பண்ணையாரிடம் கேட்பது வீண். எனக்கு நம்பிக்கை அதிகம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

ஆனால் 1940ஆம் வருஷ ஆயுத பூஜையன்று அந்தக் கடையில் பத்துப் பதினோரு பேர் நின்றீர்கள். சுண்டல் வாங்கினீர்கள். ஒரு பெரிய மனிதர் மருந்தைக் குவித்து அள்ளியதைக் கண்ணால் கண்டீர்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். உங்களில் ஒருவராவது இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது படிக்கிறவருக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். நீங்கள் நல்லகாமனைப் புகழ வேண்டாம், பண்ணையாரைத் திட்ட வேண்டாம், சட்டம் பேச வேண்டாம். கண்ட ஒன்றை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி, உங்கள் பெயரைப் போட்டு, இந்தப் பத்திரிகை முகவரிக்குத் தை முடிவதற்குள் அனுப்புங்கள். எழுதப் பயமாக இருந்தால் நேரில் வாருங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். நீங்கள் அங்கே இல்லாதவர் என்றால், இன்றே உங்கள் தெருவில் நாலு வீட்டுக் கதவைத் தட்டி, அன்று அங்கே இருந்தவர் யார் என்று கேளுங்கள்.